ரெண்டு பேருக்கு அளவு

எங்கள் மார்க்கையன்கோட்டையில் மாவு மில்லுக்கு வராத வீடு கிடையாது. வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்த பிறகு மில்லை நான்தான் ஓட்டுகிறேன். மகன் திருப்பூரில் இருக்கிறான், பொங்கலுக்கு எட்டிப் பார்ப்பான். யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அரைக்க வருகிற பையைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதிலும் ஒரு கைப்பிடி மிளகாயைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் ஆகவே ஆகாது. அவ்வளவு கொஞ்சமாகப் போட்டால் பாதியை மெஷினே தின்றுவிடும். அதனால், "நிறைய மிளகாயோட யாராச்சும் வருவாக, அவுகளுக்குப் பின்னால போட்டுத் தாரேன், இங்கன உக்காருங்க" என்று சொல்லிவிடுவேன். முன்னால் போனவர் பொடி மெஷினுக்குள் ஒட்டியிருந்தால்தான் பின்னால் வருகிறவர் பொடி முழுசாக வெளியே வரும். எல்லா மில்லிலும் இதுதான் வழக்கம்.

சின்னக்கருப்பைப் பற்றிச் சொல்ல வந்தேன். அடுத்த தெருக்காரர், எனக்குக் கொழுந்தன் முறை. சின்னமனூரில் வாழைக்காய் கமிஷன் கடையில் எடை போடுகிறார். தாரைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற மனுசனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. அவர் வீட்டு அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். அப்படித்தான் வைத்திருந்தாள் அவர் பெண்டாட்டி சந்தனம்மாள்.

போன வருசம் பங்குனியில் சந்தனம்மாள் கனடாவுக்குப் போனாள். மகள் வேல்விழிக்கு அங்கே பிரசவம். கிளம்புவதற்கு முன்னால் மிளகாயும் மல்லியும் காயவைத்து என்னிடம் அரைக்க வந்தாள். எப்போதும் கொண்டுவருகிறதில் பாதிதான் இருந்தது.

"என்னடி இது, எறும்புக்கா அரைக்கிற?" என்றேன்.

"அவுக ஒருத்தருக்குத்தானேக்கா. இது தீர்றதுக்குள்ள நான் வந்துருவேன். பிள்ள நல்லபடியாப் பிறந்தா அடுத்த வருசம் சித்திரையில வீரபாண்டி ஆத்தாவுக்குத் தீச்சட்டி எடுக்கிறதா நேந்திருக்கேன்ல" என்றாள்.

சாப்பாட்டுக்கும் ஒரு வழி செய்துவிட்டுத்தான் போனாள். மருமகன் வருசச் சந்தா கட்டி ஒரு சமையல் ஆப்பை இவர் போனிலும் அவள் போனிலும் ஏற்றிக் கொடுத்திருந்தார். அடுத்த வாரம் என்னென்ன சமைக்க வேண்டும் என்று அவள் அங்கிருந்து தேர்ந்தெடுத்து வைப்பாள். இங்கே ஒரு பெண் குரல் ஒவ்வொரு படியாகச் சொல்லும். சமைத்து முடித்ததும் ஒரு பொத்தானை அமுக்கினால் அவள் போனில் பச்சை டிக் விழும். ஆப்பின் சந்தா முடிவதற்குள் ஆள் ஊரில் இருப்பாள் என்று அவருக்கும் சொல்லியிருந்தாள்.

ஆரம்பத்தில் தெருவே சிரித்தது. காலையில் அவர் வீட்டு ஜன்னல் வழியாக, "எண்ணெய் காய்ந்ததும் கடுகு சேர்க்கவும்" என்று அந்தக் குரல் வரும். "சேத்துட்டேம்மா" என்று இவர் பதில் சொல்வார். "பொன்னிறமாக வதக்கவும்" என்று அது சொன்னால், "எங்க, அதுக்குள்ள கருகிப்போச்சே" என்பார். அந்தப் பெண் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. "உங்க பெண்டாட்டிய விடப் பொறுமைசாலி, கொழுந்தனாரே, விட்றாதீங்க" என்று நான் கேலி செய்வேன்.

சமையல் நாளாக நாளாகப் படிந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது மொபெட்டை மில் வாசலில் நிறுத்தி, சின்னத் தூக்குவாளி ஒன்றை நீட்டுவார். கத்திரிக்காய்க் குழம்போ வாழைப்பூப் பொரியலோ ஏதாவது இருக்கும். முதலில், "மிஞ்சிப்போச்சு மதினி" என்றார். தினமுமா மிஞ்சும் என்று நான் விடாமல் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது.

ஆப்பில் முதலிலேயே எத்தனை பேருக்கு என்று கேட்குமாம். சந்தனம்மாள் ஒன்று என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இவர் அதை ரெண்டு என்று மாற்றிவிட்டார்.

"ஒண்ணுன்னு இருந்தா அது கால் ஸ்பூன், அரைத் தக்காளின்னு கணக்குச் சொல்லுது மதினி. மிச்ச அரைத் தக்காளிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றார். மொபெட் கைப்பிடியைத் துடைத்தார். "ரெண்டுன்னு போட்டா வீட்ல ஆள் இருக்காப்புல இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து கேட்காமலே வாங்கிக்கொண்டேன். தூக்குவாளியைக் கழுவி, வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ஒரு கை சத்துமாவோ கம்புமாவோ போட்டு வைப்பேன். சாயங்காலம் வாங்கிக்கொண்டு போவார். ஒருத்திக்காக அடுப்பு மூட்டுகிற அலுப்பு எனக்கும் உண்டு. யாரோ சமைத்த குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைகிற சுகம் வீட்டுக்காரர் இருந்த காலத்தில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

ரெண்டு பேருக்குச் சமைத்ததில் சந்தனம்மாள் அரைத்து வைத்த பொடி மாசியிலேயே தீர்ந்துபோனது. "வாங்கிட்டு வாங்க, அரைச்சுத் தாரேன்" என்றேன். மனுசன் கேட்கவில்லை. "இன்னும் ஒரு மாசம்தான மதினி, அவ வந்து அவ பக்குவத்துல அரைச்சுக்கிறட்டும்" என்று கடையில் பாக்கெட் பொடி வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வெள்ளை அடித்தார். வீரபாண்டித் திருவிழாவுக்குக் கடையில் லீவும் சொல்லி வைத்தார்.

இந்த வருசம் பங்குனியில் ஒருநாள் காலை, தூக்குவாளியோடு போனையும் நீட்டினார். ஆப்பிலிருந்து இங்கிலீஷில் ஒரு செய்தி வந்திருந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். சந்தா இன்னும் ஒரு வருசத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது, நன்றி என்று போட்டிருந்தது. அவருக்கும் அது புரிந்துதான் இருந்தது. நான் வேறு ஏதாவது சொல்லமாட்டேனா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் காச அதுவாப் பிடிச்சுக்கிறும், கொழுந்தனாரே. என் மகன் போன்லகூட இப்பிடித்தான் எதையோ பிடிச்சிட்டான்னு கத்திக்கிட்டு இருந்தான். மருமகன் நிறுத்த மறந்திருப்பாரு" என்றேன்.

"அப்பிடித்தான் இருக்கும்" என்றார். அன்றைக்கு மொபெட்டைக் கிளப்பியபோது ஒரு மாதிரி தெளிவாகத்தான் போனார். நான் சொன்னதை நானும் நம்பினேன்.

சாயங்காலம் தூக்குவாளியை வாங்க வரவில்லை. மறுநாள் வெறுங்கையோடு வந்தார். மில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். நிறுத்தினேன்.

"கேட்டேன் மதினி. அதுவாப் பிடிக்கலையாம். அவதான் மருமகன்ட்டச் சொல்லிக் கட்டச் சொல்லியிருக்கா."

கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"மக வேலு அடுத்த மாசம் வேலைக்குப் போகணுமாம். பிள்ளைய விடுற இடத்துல அங்கன இடம் இல்லையாம். எங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தாளாம். அதுக்குள்ள ஆப்பு தீந்துபோயி நான் பட்டினி கிடந்துறக் கூடாதுல்ல, அதான் மொதல்ல அதக் கட்டிட்டாளாம்" என்றார்.

"தீச்சட்டி?"

"அடுத்த வருசம் சேத்து எடுத்துக்கிறாளாம். ஆத்தா கோவிச்சுக்கிற மாட்டான்னு சொல்றா."

எனக்குச் சந்தனம்மாள் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் நேர்ந்துகொண்டதை நம்பி வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுசனுக்கு இதை ஒரு சமையல் ஆப்பா சொல்ல வேண்டும்? ஆனால் கைப்பிள்ளையோடு தவிக்கிற மகளை விட்டுவிட்டு வா என்று நான் எந்த வாயால் சொல்வது? புருசன் பட்டினி கிடக்கக் கூடாது என்று அங்கே உட்கார்ந்து நினைத்தவளும் அவள்தானே. யாரையும் திட்ட முடியாமல், மெஷின் பட்டையை இழுத்து மாட்டினேன். அவர் வேலைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மொபெட் காலையில் வாசலைத் தாண்டிப் போகும். ஹாரன் மட்டும் அடிப்பார். தூக்குவாளி வரவில்லை. நான் பழையபடி ஒருத்திக்கு ரசம் வைத்துக்கொண்டேன். வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே பஸ் ஏறிப் போனது. சொல்லி வைத்த லீவை வேண்டாம் என்றுவிட்டு அவர் அன்றைக்கும் கடைக்குத்தான் போனார்.

திருவிழா முடிந்து ஒரு மத்தியானம் வந்தார், கையில் ஒரு சின்னப் பையோடு. பிரித்துப் பார்த்தேன். ஒரு கைப்பிடி மிளகாய், ரெண்டு கைப்பிடி மல்லி, கொஞ்சம் சீரகம், மிளகு. நன்றாகக் காயவைத்து வறுத்திருந்தார்.

"பாக்கெட் பொடி ஒத்துக்கிறல மதினி. ஆப்புலயே பாத்து எடுத்தேன். ஒரு ஆளுக்கு இதுதான் அளவாம்" என்றார்.

"ஒண்ணுக்கா மாத்திட்டீக?"

"ஆமா. எத்தன நாளைக்கு மதினி அதையும் ஏமாத்துறது" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தார். இவ்வளவு கொஞ்சம் என்றால் யாராவது வரும் வரை காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சித்திரை வெயிலில் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மிளகாயோடு ஒருவரும் வருவதாகத் தெரியவில்லை. அவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

ரெண்டுக்கே போடுங்க கொழுந்தனாரே, நான் ஒருத்தி இங்கன இருக்கேன்ல என்று சொல்ல வாய் வரை வந்தது. இந்த நீளமான வாயைத் தாண்டி அன்றைக்கு அது வெளியே வரவில்லை. நான் தாலி அறுத்தவள், அவர் பெண்டாட்டி ஊரில் இல்லாதவர். கேலி பேசுகிற வரைதான் முறை இடம் கொடுக்கும்.

உள்ளே போய் என் அடுப்படியில் வருசத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மிளகாயில் ஒரு முறம் அள்ளிவந்து மெஷினில் கொட்டினேன். அதன் பின்னால் அவருடையதைப் போட்டேன். சிந்தாமல் சிதறாமல் முழுசாக வந்தது. டப்பாவில் சூட்டோடு வாங்கிக்கொண்டு ஒரு தும்மல் போட்டார். கூலி எவ்வளவு என்றார். எனக்கு அரைத்ததோடு சேர்ந்து ஓடியது, கூலி கிடையாது என்றேன்.

மொபெட் சத்தம் அடங்கிய பிறகு அடுப்படிக்குப் போனேன். அவர் கடைசியாகக் கொடுத்த தூக்குவாளி, கழுவி உள்ளே ஒரு கை சத்துமாவு போட்டது, அலமாரியில் அப்படியே இருக்கிறது. அவர் இன்றுவரை கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.