பெனரில் இருந்த அண்ணா

பெரியம்மாவின் மகன் ஒன்பது வயதில் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் நடித்தார். வாவியில் தோணி கவிழ்ந்து தகப்பனை இழக்கும் சிறுவன் அவர். மட்டக்களப்பில் அதைப் பார்த்து அழாத ஆளே இல்லை என்பார் மாமா. மாமா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். நான் பிறப்பதற்கு முந்திய நாடகம் அது. மாமாவின் ஃபோனில் பார்த்துப் பார்த்து எனக்கும் மனப்பாடம்.

பிறகு அண்ணாவுக்கு மீசை முளைத்தது, குரல் உடைந்தது. நடிக்க யாரும் கூப்பிடவில்லை. வாழைச்சேனையில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போனார். அதன்பின் தன்னைப் படமெடுக்க ஒருவரையும் விடவில்லை.

இருபத்திரண்டு வயதில், வாகரை வீதியில் படுத்துக் கிடந்த மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதி இறந்துபோனார். எனக்கு அப்போது எட்டு வயது.

சாவீடு என்றால் எங்கள் பக்கம் சந்தியில் செத்தவரின் படம் போட்டுப் பெனர் கட்ட வேண்டும். அது மாமாவின் பொறுப்பு. தேடியும் படம் கிடைக்காமல், நாடகத்து முகத்தையே பெரிதாக அடித்துக் கட்டினார். முகநூலிலும் போட்டார்.

"இந்த மொகத்தத்தானே சனத்துக்குத் தெரியும்" என்றார்.

உண்மைதான். களுதாவளை, சித்தாண்டியிலிருந்தெல்லாம் சனம் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

வந்தவர்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துத் திகைத்தார்கள். உள்ளே தாடி வைத்த வாலிபன்.

"இது ஆரு கா? சின்னப் புள்ளயெண்டெல்லோ வந்த நாங்க" என்றார் ஒரு பெண்.

விஷயம் விளங்கிய பிறகும் நாடகத்துப் பிள்ளையைச் சொல்லியே ஒப்பாரி வைத்தார்கள். கவிழ்ந்த தோணி வந்தது, செத்த தகப்பன் வந்தார். பெரியப்பா உயிரோடு வாசலில் சனம் உட்காரக் கதிரை போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியம்மா அழாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "வளந்த புறகு என்ட புள்ளயப் பார்த்த ஆள் ஒருத்தருமில்லையா?" என்றார்.

நான் சனத்துக்குள் புகுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"நான் பார்த்திருக்கன் பெரியம்மா" என்றேன்.

"சொல்லு கிளி." என்னை மடியில் இழுத்துக்கொண்டு தலையைத் தடவினார்.

அண்ணா இடுப்பில் உடுத்தும் சாரன் எப்போதும் ஈரமாக இருக்கும், மீன் மணக்கும் என்றேன். சோற்றில் புளி கூடினால் முகத்தைச் சுளிப்பார், எனக்கு ஐஸ் துண்டு கொண்டுவந்து தருவார் என்றேன்.

"இன்னும் சொல்லு."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால், அண்ணா கரையில் நின்று தகப்பனைக் கூப்பிட்டு அழுத காட்சியை நாடகத்தில் வந்தபடியே சொல்லத் தொடங்கினேன்.

பெரியம்மாவின் கை என் தலையிலிருந்து விலகியது. என்னை மெல்ல மடியிலிருந்து இறக்கிவிட்டார்.

எந்த இடத்தில் பிழையாகச் சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.