நாற்பது ஜிபி கல்யாணம்

அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, லிஃப்ட் மெக்கானிக். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். வீடு முழுக்கப் புது ஃபைபர் கேபிள் இழுத்த அன்றே, மாடிக் கம்ப்யூட்டரிலிருந்து கீழே இருப்பதற்குத் தன் கல்யாண வீடியோவை அனுப்பினார். பதினோரு வருடமாக வேகம் பார்க்க அவர் அனுப்புவது அதைத்தான். வீட்டிலேயே பெரிய ஃபைல், நாற்பது ஜிபி. முன்பு ஒரு மணி நேரம் இழுத்தது ஆறே நிமிடத்தில் வந்து விழுந்தது. மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

"பொய் சொல்லுது. முழுசா வந்திருக்காது."

"போட்டுத்தான் பாருங்களேன். ஒரு தடவையாவது இதப் பாத்திருக்கோமா?" என்றாள் அக்கா.

போட்டார். மேடையில் யாரோ ஒரு மாப்பிள்ளை, யாரோ ஒரு பெண். ஸ்டுடியோக்காரன் அன்றைக்கே மாற்றிக் கொடுத்துத் தொலைத்திருக்கிறான்!

மாமா ஃபைல் பெயரை இன்னொரு தடவை சரிபார்த்தார். அக்காதான் கேட்டாள்:

"அப்ப நம்ம கல்யாணம் யாரு வீட்டுல ஓடிட்டிருக்கு?"