ஒரு நூல் வித்தியாசம்

வெல்டிங் புகையும் கஞ்சி போட்ட நூலும் கலந்து ஒரு வாடை வரும் பாருங்கள்... எண்பதுகளின் கடைசியில் செல்லூர்ச் சந்துக்குள் நுழைந்தாலே அதுதான். இரண்டு பக்கமும் பவர்லூம் சத்தம். பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அந்தச் சந்துக்குள் நான் காரை நுழைத்தேன் என்றால் எனக்கு எவ்வளவு கொழுப்பு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் கணக்கு டீச்சர். வீடு கோச்சடையில். கார் செகண்ட் ஹேண்ட். ஏற்கெனவே எங்கோ இடிபட்டு ஒட்டுப்போட்ட வண்டி என்பது பிறகுதான் தெரிந்தது. வாங்கியது எங்கள் வீட்டுக்காரர், ஓட்டியது நான். அவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை வியர்த்துவிடும். எனக்கோ அந்தச் சின்ன வண்டி மேல் உயிர். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் போதும், ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு ஓடும்.

வளைவில் மட்டும் என் பேச்சைக் கேட்காது. நான் திருப்பினால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.

அழகர்கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது ஒரு வளைவில் அப்படித்தான் யோசித்தது. இடது சக்கரம் மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்துக்கு முன்னால் நின்றோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன் சீட்டில் இருந்த மாமனார் மடியில் கோயில் தோசைதான் நொறுங்கிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் சாவியை வாங்கிக்கொண்டார்.

"பொம்பளக் கையில வண்டியக் குடுத்தா இப்புடித்தேன். இனிமே டிரைவர் போட்டுக்கிருவோம்."

"மாமா, தப்பு என் கையில இல்ல. வண்டிதான் திரும்ப மாட்டேங்குது."

"ஆமா... ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எங்கள் வீட்டுக்காரர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பினார். சாவி போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது. அடுப்படியில் போய் அழுதேன்.

பிராயச்சித்தமாக மறுநாள் வீட்டுக்காரரே மாமனாரிடம் 'சர்வீஸுக்கு' என்று சொல்லிச் சாவியை வாங்கி வந்தார். தெருமுனை வரை அவர் ஓட்டுவார், அப்புறம் நான்! ஆரப்பாளையத்தில் இரண்டு மெக்கானிக் பார்த்தார்கள். டயர் நல்லாருக்கு, அலைன்மென்ட் நல்லாருக்கு என்றார்கள். அவர்களும் என் கையைத்தான் பார்த்தார்கள்.

பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுக் கார் பத்திரிகை கிடைத்தது. அதில் ஒரு படம். பானெட்டுக்குள், இந்தப் பக்க ஷாக் அப்சார்பர் தலையிலிருந்து அந்தப் பக்கத்துத் தலைவரை குறுக்கே ஒரு பைப். அதை எடுத்துக்கொண்டு முருகவேல் அண்ணனிடம் போனேன். செல்லூரில் தறி ரிப்பேர் பார்க்கும் பவர்லூம் ஃபிட்டர். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள்.

படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஒண்ணுமில்ல டீச்சர். தறிக்குப் போடுற குறுக்குச் சட்டந்தேன். ரெண்டு பக்கமும் தனித்தனியா ஆடுனா துணி கோணிக்கிரும். குறுக்க ஒண்ணு போட்டு இறுக்கிட்டா அடங்கிரும். சனிக்கெழம வண்டியக் கொண்டாங்க."

சனிக்கிழமை அதே 'சர்வீஸ்' சாக்கில் நானும் வீட்டுக்காரரும் போனோம். நூல் மூட்டை ஏற்றிய சைக்கிள்கள் போக வழி வேண்டுமே... ஒரு பக்கச் சக்கரத்தை யார் வீட்டு வாசல் கல்லிலோ ஏற்றி ஓரங்கட்டினேன். அண்ணன் அளவெடுத்து, பைப்பை அறுத்து, இரண்டு முனையிலும் தகடு வைத்து வெல்ட் அடித்து, ஓட்டை போட்டார். வைத்துப் பார்த்தோம். கச்சிதம். "பெயின்ட் காயட்டும், நாளைக்கு வீட்டுக்கே வாரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு சிமென்ட் தரையில் மாட்டப் போனால்... போல்ட் இறங்கவில்லை. சரியாக ஒரு நூல் தள்ளி நிற்கிறது. பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அளவெடுக்கவே தெரியலயேப்பா" என்றார்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. இன்றைக்கு இது மாட்டாவிட்டால் என் சாவிக்கதை முடிந்தது. "அண்ணே, அரத்தால ஓட்டைய ராவிப் பெருசாக்கி மாட்டிருங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

"இருங்க டீச்சர். நேத்து உக்காந்தது இன்னைக்கு ஏன் உக்கார மாட்டேங்குது?"

கொஞ்ச நேரம் வண்டியையே சுற்றி வந்தார். பிறகு, "நேத்து வண்டி எப்புடி நின்னுச்சு?" என்றார். அப்போதுதான் எனக்கும் அந்த வாசல் கல் ஞாபகம் வந்தது.

இரண்டு செங்கல்லை வைத்து, அதே சக்கரத்தை மேலே ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். குறுக்குக் கம்பியை வைத்தார். போல்ட் தன்னால் இறங்கியது. செங்கல்லை எடுத்தால் இறங்காது, வைத்தால் இறங்கும். மூன்று தடவை செய்து காட்டினார்.

"அளவு தப்பில்ல சார். ஒரு காலத் தூக்குனா வண்டி ஒடம்பே முறுக்குது. பெறகு எப்புடி வளைவுல சொன்ன பேச்சக் கேக்கும்? டீச்சர் கை என்ன பண்ணும்?"

மாமனார் எழுந்து வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

சமதளத்தில் அளவெடுத்துப் புதுக் கம்பி வந்தது. அடுத்த வாரம் மாமனாரே முன் சீட்டில் ஏறினார். அதே வளைவு. நான் திருப்பினேன், வண்டி திரும்பியது, அவ்வளவுதான். டேஷ்போர்டைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கூடந்தேன் கோணலா இருந்திருக்கு."

அதற்கப்புறம் அந்தச் சாவி என் கைப்பையை விட்டுப் போகவே இல்லை.

இப்போது என் மகள் காரில் வளைவில் தடுமாறினால் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. சர்வீஸ் சென்டரில் ஏசியில் உட்கார வைத்து காபி கொடுக்கிறார்கள். நல்ல காபிதான். வண்டியைத் தொட்டவர் முகம்தான் தெரியாது.

அந்த வண்டியை எப்போதோ விற்றாயிற்று, புதுக் கம்பி அதோடு போய்விட்டது. ஒரு நூல் தப்பிய முதல் கம்பி என்னிடம் இருக்கிறது. பால்கனியில் அதில்தான் துண்டு காயப்போடுகிறேன். "துருப்பிடிச்ச கம்பிய மாத்தேம்மா" என்கிறாள் மகள்.

மாத்த மாட்டேன். அன்றைக்கு நானே ராவச் சொன்னேன். அவர் ராவியிருந்தால் கம்பி மாட்டியிருக்கும், வண்டியும் திரும்பியிருக்கும், ஆனால் வண்டி முறுக்கியது யாருக்கும் தெரிந்திருக்காது, பழி மட்டும் என் கையிலேயே இருந்திருக்கும்.

அண்ணே, எங்கே இருந்தாலும் நல்லா இருங்க.