ஒத்துக்கொண்டவளுக்குத் தண்டனை

பள்ளிக்கூட அலுவலகத்தில் நான் கிளார்க். பெற்றோர்களில் எத்தனையோ ரகம் பார்த்தாயிற்று. டிரைவிங் மாஸ்டரைப் போல ஒரு பிறவியைப் பார்த்ததில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் பிழைப்பு. போலீஸ் நின்றால் சிக்னலில் நில், இல்லாவிட்டால் போய்க்கொண்டே இரு என்பதுதான் முதல் பாடம். வரிசையில் நிற்பவன் ஏமாளி, மன்னிப்புக் கேட்பவன் கோழை என்றும் சேர்த்துச் சொல்லுவார். பள்ளி விட்டதும் பின்சீட்டில் ஏறிக்கொள்ளும் அவருடைய பதினைந்து வயது மகளுக்கு இதெல்லாம் மனப்பாடம். அதே மனிதர் பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுக்கமே இல்லை என்று அரைமணி நேரம் அளப்பார். ஊருக்குத்தானே உபதேசம்.

ஒரு மத்தியானம் மகளும் அவள் தோழியும் துப்புரவு அம்மாவைக் கழிப்பறைக்குள் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். உள்ளேயிருந்து கெஞ்சிய குரலை போனில் பிடித்து வகுப்புக்கே அனுப்பினார்கள். கதவைத் திறந்தபோது அந்த அம்மா மூச்சிரைக்கத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் இரு வீட்டாரையும் கூப்பிட்டனுப்பினார். தோழியின் அம்மா தையல் வேலை செய்பவர். விஷயத்தைக் கேட்டதும் மகளின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் துப்புரவு அம்மா முன்னால் நிறுத்தினார். அந்தப் பெண் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள்.

மாஸ்டரோ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"சின்னப் பிள்ளைங்க விளையாட்டு மேடம். உள்ள ஆள் இருக்குன்னு அந்தம்மாதான் ஒரு பலகை மாட்டியிருக்கணும்."

நிர்வாகக் குழுத் தலைவர் மகனுக்குத் தான்தான் கார் கற்றுக்கொடுத்ததாகவும் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். ஹெட்மிஸ்ட்ரஸின் முதுகெலும்பு அப்போதே கரைந்துவிட்டது.

ஒத்துக்கொண்ட பெண்ணுக்கு ஒரு வாரம் பள்ளிக்கு வரத் தடை. மாஸ்டர் மகள் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அவளுக்கு ஒன்றுமில்லை. துப்புரவு அம்மாவுக்குக் கவனக்குறைவு என்று ஒரு மெமோ. அதைப் பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்த மகானுபாவன் நான்தான்.

அடுத்த நாள் ஏதோ சான்றிதழ் வாங்க மாஸ்டர் மகள் என் மேஜைக்கு வந்தாள். உன் தோழியை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார்களே, உனக்கு உறுத்தவில்லையா என்று கேட்டேன். என்னை ஒரு மக்குப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அவ ஏன் சார் ஒத்துக்கிட்டா? ஒத்துக்கிட்டாத்தானே அது தப்பு."

துப்புரவு அம்மா அந்த மாதமே வேலையை விட்டுப் போனார். அடுத்த கூட்டத்தில் 'பிள்ளை வளர்ப்பு' பற்றி மாஸ்டர் பேசினார். ஹெட்மிஸ்ட்ரஸ் சால்வை போர்த்தினார். தையல்கார அம்மா கூட்டத்துக்கு வரவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு, மூச்சிரைப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த துப்புரவு அம்மாவைப் பார்க்கப் போயிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.