எடை குறைத்த வண்டி

என் துணி வெட்டும் கத்தரியை எடுத்து அவர் பிளாஸ்டிக்கை வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தையல்காரியின் கத்தரியில் யாராவது காகிதத்தை வெட்டினாலே எங்களுக்கு உயிர் போய்விடும். என் வீட்டுக்காரரோ ரிமோட் வண்டியின் மேல்கூட்டை இடது கையால் ஓரம் ஓரமாக, வெள்ளரிக்காய்த் தோலைச் சீவுவது போலச் சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுதீங்க?"

"வெயிட்டக் குறைக்கேன்."

"அதுக்கு என் கத்தரிதான் கிடைச்சுதா?"

"இதுலதான் நேரா வெட்டுது" என்றார், ஏதோ என்னைப் பாராட்டுகிற மாதிரி.

அவர் லாரி டிரைவர். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வரும்வரை நான் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன். போன வருஷம் ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். கடவுள் புண்ணியத்தில் பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை அவர் சொன்னபடி கேட்கும், விரல்கள் கேட்காது. டாக்டர் "இனி லாரி வேண்டாம்" என்றார். லாரி ஓனர் நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து, "கை சரியாவட்டும் அண்ணாச்சி, வண்டி உங்களுக்குத்தான். அதுவரைக்கும் ஒரு ஆளப் போட்டு ஓட்டிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் சொன்னது இவர் காதில் ஏறவே இல்லை. ஓனர் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டார்.

கைக்குப் பயிற்சி என்று ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். ஒரு நாள் அமுக்கினார். மறுநாள் பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நானும் கெஞ்சினேன், கத்தினேன், அழுதும் பார்த்தேன். அப்போதுதான் பைபாஸில் டயர் கடை வைத்திருக்கிற அவருடைய சிநேகிதர் இந்த ரிமோட் டிரக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். காட்டிலும் மேட்டிலும் ஓடுகிற வண்டி, பெரிய பெரிய சக்கரம். அந்தச் சிநேகிதரும் இன்னும் சிலரும் அறுவடை முடிந்த கரிசல் காட்டில் இதை வைத்துப் பந்தயம் விடுகிறவர்கள். ரிமோட், துப்பாக்கி மாதிரி இருக்கும். ஆள்காட்டி விரலால் ட்ரிக்கரை இழுத்தால் வண்டி ஓடும். விட்டால், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ட்ரிக்கரைப் பழைய இடத்துக்குத் தள்ளும், வண்டி நிற்கும். பந்தை அமுக்க மாட்டேன் என்றவர் இந்த ட்ரிக்கரை பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை இழுத்தார். எனக்குச் சந்தோஷம்தான். கோயிலுக்குக்கூடப் போய்விட்டு வந்தேன்.

அந்தச் சந்தோஷம் அவர் வாயைத் திறக்கிறவரைக்கும்தான். "சித்திரைல பந்தயம் இருக்கு. அதுல கடைசி ரவுண்டு வரைக்கும் ஓட்டிட்டேம்னு வையி, மறுநாளே ஓனரப் பாத்து லாரியக் கேட்டுருவேன்" என்றார்.

பொம்மை வண்டி ஓட்டுவதும் பதினாறு டன் லாரி ஓட்டுவதும் ஒன்றா என்று கேட்கத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் பல மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு தெளிச்சி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிக் கேட்பது? அவர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை, ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் பயம். சாமி முன்னால் போய் ஒன்றும் கேட்காமல் நின்றுவிட்டு வருவேன்.

லாரிக்காரர் கையில் கிடைத்தால் வண்டி என்ன ஆகும்? முதல் வாரத்திலேயே அதற்கு முன்னால் குஞ்சம், பின்னால் மண் தடுப்புத் தட்டு, மேலே வரிசையாக லைட், பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். குஞ்சத்தைத் தைத்துக் கொடுத்தது நான்தான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் பண்ணிக் காட்டுக்குக் கொண்டுபோனார். கோடையில் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சில வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரைக்கும் உள்ளே போகும். மற்றவர்களுடைய வண்டிகள் அந்த வெடிப்பைத் தாவிக்கொண்டு போயின. இவர் வண்டி முதல் வெடிப்பிலேயே மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

"அண்ணாச்சி, லோடு ஏத்துன பழக்கத்துலயே இருக்கீங்க. இதுக்கு லோடு ஆவாது, எறக்கணும்" என்று டயர் கடைக்காரர் சிரித்தார்.

அன்றிலிருந்து இறக்குகிற படலம். லைட் போயிற்று, மண் தட்டு போயிற்று. குஞ்சத்தை அறுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் அறுத்தார். அடித்தகட்டில் ஓட்டை ஓட்டையாகத் துளை போட்டார். இரும்புத் திருகாணிக்குப் பதில் அலுமினியத்தில் வாங்கி வந்தார். எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிறகு சமையல்கட்டுத் தராசில் அதை நானே நிறுத்துக் காட்டி, ஊறுகாய் ஜாடிக்குள் போட்டேன்.

சக்கரத்துக்கு மேலே இருக்கிற குட்டிக் குட்டி ஷாக் அப்சர்பருக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெய் கெட்டியாக இருந்தால் வண்டி விறைப்பாகப் போகும், இளகலாக இருந்தால் குதிக்கும். இவர் என் தையல் மிஷின் எண்ணெயை எடுத்து ஊற்றினார். உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஊறிப் பெருத்து, எண்ணெய் முழுக்க நான் அயர்ன் பண்ணி வைத்திருந்த ஜாக்கெட் துணி மேல் ஒழுகிவிட்டது. அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதற்கென்று உள்ள எண்ணெய் மதுரையிலிருந்து பார்சலில் வந்தது.

இத்தனை சின்னத் திருகாணிகளை அவர் விரலால் பிடிக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் போட்டேன், கழற்றினேன். ஊசியில் நூல் கோக்கிற கைக்கு அது ஒரு வேலையே இல்லை. அவர் லாரிக்குப் போய்விடக் கூடாதே என்று உள்ளே நடுங்கிக்கொண்டு, அவரை லாரிக்கு அனுப்பப் போகிற வண்டியை நானே பழுது பார்த்தேன்.

கடைசியாக ட்ரிக்கருக்கு வந்தார். "இந்த ஸ்பிரிங் ரொம்ப விறைப்பா இருக்கு. கொஞ்சம் தளத்திவிடு."

"தளத்தலாமா?"

"லாரில ஆக்சிலேட்டர் ஸ்பிரிங்க நாங்க அப்படித்தான் தளத்தி வச்சிக்கிடுவோம். நாக்பூர் வரைக்கும் மிதிச்சிக்கிட்டே போவணும்லா, காலு என்னத்துக்கு ஆவும்?"

பக்கவாட்டில் இருந்த திருகைத் திருப்பினேன். இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும்" என்றார். திருப்பினேன். "இன்னும்." தையல் மிஷினில் நூல் டென்ஷனை ஒரேயடியாகத் தளர்த்தினால் தையல் நிற்காது என்பது எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் விரல் லேசாக, வலியில்லாமல், ட்ரிக்கரை இழுத்தது. சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

பந்தயத்தன்று நானும் போனேன். உளுந்து எடுத்த காடு, சுற்றிலும் கயிறு கட்டிக் கொடி தொங்கவிட்டிருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வண்டிகள் கிளம்பியதும் கரும்புழுதி எழுந்து ஒன்றும் தெரியவில்லை. புழுதி விலகியபோது எங்கள் வண்டி மூன்றாவதாக வந்துகொண்டிருந்தது. வெடிப்பு வந்தால் ஒரு தாவு, வரப்பு வந்தால் ஒரு தாவு. பஞ்சாகப் பறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் லாரி, டாக்டர், ஓனர் எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. "விடாதீங்க, விடாதீங்க!" என்று நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன்.

கடைசி ரவுண்டு, கடைசித் திருப்பம். வேகத்தைக் குறைத்துத் திருப்ப வேண்டிய இடத்தில் வண்டி குறைக்கவில்லை. நேராக வந்தது. கயிற்றுக்கு அடியில் நுழைந்து, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் காலை உரசிக்கொண்டு போய் உடைமுள் புதருக்குள் சொருகியது. சொருகிய பிறகும் சக்கரம் நிற்காமல் சுற்றியது. எல்லோரும் வண்டியைப் பார்த்து ஓடினார்கள். நான் அவர் கையைப் பார்த்தேன். விரல் ட்ரிக்கரை இழுத்தபடி மடங்கி அப்படியே இருந்தது. அவர் நெற்றியெல்லாம் வேர்வை. விரித்துவிடத்தான் பார்க்கிறார், விரல் விரியவில்லை. தள்ளிவிடுகிற பலம் ஸ்பிரிங்குக்கும் இல்லை. நான் கிட்டே போய் அந்த விரலைப் பிடித்து நிமிர்த்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் முள்ளுக்குள் சத்தம் அடங்கியது.

"சிக்னல் கட்டாயிருச்சி போல, அண்ணாச்சி" என்று டயர் கடைக்காரர் ஓடி வந்தார்.

"ஆமா, சிக்னல்தான்" என்றார் இவர்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை, கணுக்காலில் சிராய்ப்புதான். அவளிடம் மன்னிப்புக் கேட்டுத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த இடத்தில் லாரி இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

மறுநாள் காலையில் அவர் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பேட்டரியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், ரிமோட்டை வைத்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் நடந்து பார்த்தார். சிக்னலில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து என் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஏட்டி, ஸ்பிரிங்காத்தான் இருக்குமோ?"

விரலை நிமிர்த்திவிட்டது நான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உண்மையைச் சொல்லியிருக்கலாம், அதோடு லாரிப் பேச்சே முடிந்திருக்கும். ஆனால் அவர் கேட்ட விதம் பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது.

"ஸ்பிரிங்தான். நான் ரொம்பத் தளத்திட்டேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதானே பாத்தேன்! அப்ப டைட் பண்ணிக் குடு."

இப்படிக் கேட்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சமாகத் திருகிவிட்டு ஏமாற்றலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஸ்பிரிங் விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. வாங்கும்போது எவ்வளவு விறைப்பாக இருந்ததோ அந்த அளவுக்கு முடுக்கிக் கொடுத்தேன்.

அவர் இழுத்தார். ட்ரிக்கர் பாதி வழி வந்து, அவர் விரலையும் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனது. மறுபடியும் இழுத்தார். அத்தனை மாதமும் இதே விறைப்பை இழுத்த விரல்தான், இழுத்து இழுத்தே ஓய்ந்துபோயிருந்தது. இடது கையைக் கொண்டுவந்து மேலே வைத்து அழுத்தினார். அப்போது வந்தது. இடது கையை எடுத்துவிட்டு ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மிஷினை ஓட்டுகிற மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தேன், ஊசியில் நூல் இல்லை.

"ஓனருக்கு நீயே போனப் போடு" என்றார். "வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லு. எனக்கு வாயில வராது."

போட்டேன். நான் பேசுவதற்கு முன்னாலேயே ஓனர், "என்னம்மா, அவியளுக்குக் கை சரியாயிருச்சா?" என்று ஆவலாகக் கேட்டார். இந்தப் பதிலை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தவள் நான். சொல்ல ஆரம்பித்தேன், அழுகையோடுதான் சொல்லி முடித்தேன். என் வீட்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மடங்கிய விரல்களோடு அந்த வலது கையாலேயே என் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.