செயலிக்கு ஒரு பேர் வேணும்

சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே நட்டிருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்து மோட்டாரை நிறுத்தினேன் பாருங்கள், அந்த நிமிடத்தில்தான் யோசனை வந்தது. எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து இடுகாட்டு நிலம் கைமாறிவிட்டது. குறித்த தேதிக்குள் உறவினர்கள் வந்து சமாதியை அடையாளம் காட்டினால் எலும்புகளை வேறிடத்துக்கு மாற்றித் தருவார்களாம். காட்டாதவை மண்ணோடு போகும். மலாய் மொழியில் நான்கே வரி. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தினேஷுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், ஒரு ஆப் செய்றோம்லா. இடுகாட்டுப் படமெல்லாம் ஏத்துவோம். யாரு எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்."

தினேஷும் நானும் ஈப்போவில் ஒரே அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறவர்கள். நான்கு நாளில் செயலி ஓடியது. பேர்தான் ஓடவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் பேருக்கே போய்விட்டது. குறித்த தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று உங்களிடம் பெருமை பேசலாம். ஆனால் அந்த இடுகாட்டில் என் அக்கா இருக்கிறாள். நான் பிறப்பதற்கு முன்பே கைக்குழந்தையாகப் போனவள். கல் கிடையாது. "மூணாவது நெறை, ரெட்டைக் கிளை ரப்பர் மரத்தடி" என்பதுதான் அம்மா வைத்திருந்த அடையாளம்; நெறை என்றால் மர வரிசை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது அந்த மரமும் போனது. இடம் தெரிந்தவர் ஒருவர்தான்: குழி தோண்டிய ஆறுமுகம். எங்களுடையது புளியமரத்துத் தோட்டம்; அவர் பக்கத்துக் கம்பிப்பாலத்துத் தோட்டம். இரண்டுக்கும் ஒரே இடுகாடு. தோட்டங்கள் மூடியபோது அவர் குடும்பம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அவரோ அவர் பிள்ளைகளோ இந்தச் செயலியைத் திறக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

முதல் பேர் 'ரூட்டிஃபை'; 'ரூட்' என்றால் வேர். சிரிக்காதீர்கள், அன்றைக்கு அது எனக்கு அமெரிக்கா வரைக்கும் போகிற பேராகத் தெரிந்தது. இணைப்பைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். லாரி ஓட்டும் மாமாதான் முதலில் கூப்பிட்டார். "டேய், இத அமுக்குனா போனையே புடுங்கிருவானுங்கன்னு உங்க அத்த கத்துறா. நீதான் அனுப்புனியா, இல்ல உன் பேர்ல வேற எவனாச்சுமா?" நான்கு நாளில் திறந்து பார்த்தவர்கள் நானும் தினேஷும்தான்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் சமிக்ஞை விளக்கில் நிற்கிறேன், உறைந்த ரப்பர் பாலான கட்டிப்பால் ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அழுகிய ரப்பர் பாலின் நாற்றம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எங்களுக்கு அது அப்பாவின் சட்டை. அம்மா இரண்டு தடவை சவர்க்காரம் போட்டாலும் போகாத சட்டை. அதே சட்டையோடு அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாப் பார்க்கப் போவார். தேர், உறுமி, சீனிமிட்டாய்... பச்சை விளக்கு எரிந்து பின்னால் ஹாரன் அடித்தபோது பேர் முடிவாகியிருந்தது: 'புளியமரத்துத் தோட்டம்'.

எங்கள் ஆட்கள் குவிந்தார்கள். கம்பிப்பாலத்திலிருந்து ஓர் ஆள் இல்லை. குரல்பதிவு மட்டும் ஒன்று வந்தது, நடுத்தர வயதுப் பெண் குரல்.

"தம்பி, தேர எங்க பக்கம் விடமாட்டோம்னு பாலத்துலயே திருப்புன தோட்டம்தானே நீங்க? எங்க வீட்டுப் பொணத்தையும் உங்க பேருலதான் தேடணுமா?"

தேர் திரும்பிய அன்று அப்பாவின் தோளில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். எதற்கென்று தெரியாமல்தான் தட்டினேன். ஆனாலும் தட்டினேன். "அக்கா, மன்னிச்சிருங்க, ஆறுமுகம் ஐயாவத் தெரியுமா?" என்று அவருக்கு எழுதினேன். மறுநாளும் எழுதினேன். அதற்குள் அவர் என் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தார்.

மூன்றாவது 'பெரட்டு'. விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம் பெரட்டுக் களம். எந்தத் தோட்டத்துக்கும் பொது. குதித்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"உசுரோட இருந்தப்ப மழையில நிக்கவெச்சது பத்தலையாடா? செத்தும் பெரட்டுக்கு வரணுமா?"

நேற்றுக் காலை பாய் கடையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே அழுகிற நிலையில் இருந்தேன். எதிர் மேசையில் இரண்டு லாரி ஓட்டுநர்கள், ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்கள். ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: "அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?" அவ்வளவுதான். யார் யாருக்குச் சம்பந்தி, எந்த லயத்து வீட்டு வரிசையில் யார் பாட்டுக்காரர் என்று போனது பேச்சு. தேநீர் ஆறிப் போனதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. உடனே போனை எடுத்தேன்.

"தினேஷ், ஒரு கேள்வியையே பேரா வைடா! 'எந்தத் தோட்டம்?' இது யாரு தோட்டமும் இல்லடா!"

"தம்பி," என்றார் பாய், "கையக் கழுவிட்டுப் போனத் தொடுப்பா. சாம்பார் சொட்டுது."

சாயங்காலம் அம்மாவை உட்காரவைத்துப் புதுப் பேரில் முதல் பதிவு போட்டேன். தோட்டம் சொன்னார். நெறை சொன்னார். மரம் சொன்னார். அடுத்த கட்டம், பேர்.

அம்மா என்னைப் பார்த்தார்.

"பதினோரு நாள்தான்டா இருந்தா. பேரு வைக்கலியே."

வெறுமையாக விட்டு அமுக்கினேன். 'பெயர் அவசியம்' என்று சிவப்பில் மறுத்தது. அந்த வரியை எழுதியவன் நான்தான். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே கணினியைத் திறந்து அதை நீக்கினேன்.

"இப்ப எடுத்துக்குமா?"

"எடுத்துக்கும்மா."

இரண்டு தோட்டத்துக்கும் நடுவே இருந்த கம்பிப்பாலம் ஆற்றோடு போய் வருடங்களாகின்றன. லயங்கள் இருந்த இடமும் பந்து விளையாடிய திடலும் இன்று செம்பனை. 'எங்க ஆளு' என்று கை காட்ட ஓர் இடம் இல்லாமல் எல்லாரும் அடுக்குமாடிகளில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறோம். ஆறுமுகத்துக்கு எண்பது தாண்டியிருக்கும். அவர் உயிரோடு இருந்து, நினைவும் இருந்து, நடந்து வந்து காட்டத் தெம்பும் இருக்க வேண்டும்.

நாளை காலை சுங்கை சிப்புட் சந்தை வாசலில் நிற்கப்போகிறோம், வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் 'எந்தத் தோட்டம்?' என்று கேட்கப்போகிறோம். அப்புறம் கோலா கங்சார். ஆறுமுகத்தின் மகளைப் பாரிட் புந்தாரில் கட்டிக்கொடுத்ததாக யாரோ சொன்னார்கள்; அங்கேயும். தினேஷின் காரில் இடம் இருக்கிறதா என்று அம்மா கேட்டார்.

"நானும் வாரேன். ஆறுமுகத்தோட பொண்ணு மூக்கு அப்படியே அவங்கப்பா மூக்கு. பாத்தா எனக்குத் தெரியும்."