முயலோடு கதைத்தவர்

சிவனேஸ்வரிக்குப் பொறாமை வந்தால் அது முதலில் குசினியில்தான் கேட்கும். பானை 'தொம்' என்று இறங்கும், அகப்பை சட்டியில் மோதும். வட்டக்கச்சியில் அக்கம்பக்கத்துக் காணிக்காரர் எல்லாருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். தங்கச்சிக்குக் கரவெட்டியில் கல்வீடு எழும்பியபோது அகப்பை மோதியது. பின்காணித் தங்கம்மாவின் பசு இரட்டைக் கன்று போட்டபோதும் மோதியது. ஒரு முயலுக்காகவும் மோதும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

கலியாணம் கட்டிக் கரவெட்டியிலிருந்து வன்னிக்கு, இந்த வட்டக்கச்சிக்கு, வந்தபோது அவள் இளம் பெட்டை. புருசன் பரமலிங்கம் குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்பவர். குடி இல்லை, கைநீட்டும் பழக்கம் இல்லை. ஒரே குறை, வாய் திறக்கமாட்டார். "கறி எப்பிடி?" என்றால் "ம்." "மழை வருமோ?" என்றால் "பாப்பம்." மகள் வினோஜா இருந்தவரைக்கும் அவள்தான் வீட்டின் வாய். அவளும் கலியாணம் கட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனபிறகு, வாசலில் காகம் கத்தினால் அதுதான் அந்த வீட்டின் பெரிய கதை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு பக்கத்துக் காணி இராசமலர் ரீச்சருக்கு வவுனியாப் பள்ளிக்கூடமொன்றுக்கு மாற்றம் வந்தது. சோதனைச்சாவடிகளைத் தாண்டி, வளர்த்த முயலைக் கொண்டுபோக ஏலாது. "நான் வளக்கிறன்" என்று சிவனேஸ்வரி தானாகவே கேட்டு வாங்கினாள். வெள்ளை வெளேரென்ற முயல். பெயர் சீனி.

தேயிலைப் பெட்டிக்குக் கம்பிவலை அடித்த கூட்டோடு அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ரீச்சர் சொன்னாள்: "அக்கா, கொஞ்ச நாளைக்குத் தூக்காதேங்கோ. ஒரு மூலையில சாக்குப் போட்டு மூடிவிடுங்கோ. உந்தப் பழைய வைக்கலை எறியவேண்டாம். தன்ர மணம் இருந்தாத்தான் அதுக்குப் பயம் தெளியும். தானா வரட்டும்."

"ஒரு பிள்ளையை வளத்து எடுத்தனான், முயலை வளக்கத் தெரியாதே?" என்றாள் சிவனேஸ்வரி.

ரீச்சரின் பஸ் போன உடனேயே பழைய வைக்கோலை அள்ளி எருக்கும்பியில் கொட்டினாள். புது வைக்கோல் போட்டாள். பிறகு முயலைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள். அது பின்னங்காலால் அவள் கையை நீளத்துக்குக் கிழித்துவிட்டு, உள்ளே அடுக்கியிருந்த நெல்மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அறுகம்புல் காட்டினாள், பொன்னாங்காணி காட்டினாள். "சீனி! சீனி!" என்று தொண்டை வறளக் கூப்பிட்டாள். ஒழுங்கையால் சைக்கிள் உருட்டிக்கொண்டு போன ஐயாத்துரை நின்று, "என்ன பிள்ளை, சங்கக்கடைக்குச் சீனி வந்திட்டுதோ?" என்று ஆவலாய்க் கேட்டார். பொருள் தடைக்காலம், அவரைக் குறை சொல்லமுடியாது.

பின்னேரம் பரமலிங்கம் வயலால் வந்தார். மனைவியின் கையைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். எருக்கும்பிக்குப் போய்ப் பழைய வைக்கோலில் ஒரு பிடி பொறுக்கி வந்து மூலையில் போட்டார். அதன் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து மண்வெட்டிப் பிடியைச் சீவத் தொடங்கினார். திரும்பியே பார்க்கவில்லை. நெடுநேரம் கழித்து முயல் மூக்கை நீட்டியது. மெல்ல வந்து அவருடைய குதிக்காலை மணந்தது.

"அட," என்றார் பரமலிங்கம்.

குசினி வாசலில் நின்ற சிவனேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. கேட்டு வாங்கியது அவள், கை கிழிபட்டது அவள். அது போய் ஒட்டினது அவரோடு.

அன்றிலிருந்து அது அவருடைய முயல். புல் அவள் அறுப்பாள், கூடு அவள் கழுவுவாள். அவர் வரும் சைக்கிள் சத்தம் கேட்டால் அது காதை நிமிர்த்தும். அவள் கிட்டப் போனால் முதுகைக் கூனிக்கொண்டு மூலைக்குப் போகும். "நன்றி கெட்ட சீவன்" என்று திட்டிக்கொண்டே புல்லைப் போடுவாள்.

அந்த எரிச்சலைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஒருநாள் பின்னேரம் அவித்த நெல்லைக் குவிக்க வந்தவள், வீட்டுக் கோடிப்புறத்தில் ஆரோ கதைப்பதைக் கேட்டு நின்றாள். பரமலிங்கம்தான். கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து, ஆற அமர, வசனம் வசனமாய்க் கதைத்துக்கொண்டிருந்தார்.

"இடது கண் புகைமாதிரிக் கிடக்குது, சீனி. வரம்பு ரெண்டாத் தெரியுது. நேற்றும் கால் இடறினது. ஆருக்கும் சொல்லிப்போடாதை, என்ன?"

சிவனேஸ்வரி சுளகைக் கீழே வைத்தாள். இத்தனை வருசம் சோறு போட்ட எனக்கு 'ம்', நேற்று வந்த முயலுக்குக் கண் போன கதையோ! அன்று இரவுச் சோற்றுக்கு அகப்பை மோதிய சத்தம் தங்கம்மா வீடுவரை கேட்டது.

மறுநாள் கூடு கழுவியபின் அவள் கூட்டுக் கதவின் கொளுவியைப் போடவில்லை. திறந்துவிடவில்லைத்தானே, போட மறந்தேன், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பொழுதுபடும் நேரம் பரமலிங்கம் வெறுங்கூட்டைக் கண்டார். கீரி திரியும் இடம். படலையைத் திறந்துகொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் வந்தது. சிவனேஸ்வரி ஓடினாள். அவர் வாய்க்காலுக்குள் இடுப்பளவு சேற்றோடு, கரை எந்தப் பக்கம் என்று கையால் தடவிக்கொண்டிருந்தார். அவள் இறங்கிக் கையைப் பிடித்து ஏற்றினாள். அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தன.

"முயலுக்குச் சொன்னதை எனக்குச் சொல்ல வாய் வரேல்லையோ உங்களுக்கு?"

அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். "அது திருப்பிக் கேள்வி கேக்காது," என்றார்.

"நான் கேட்டால் என்ன?"

"கேட்டால் நீர் அழுவீர். நீர் அழுதால் எனக்குப் பயம் வரும்."

அவள் அவரைப் படலையடியில் இருத்திவிட்டு, பூட்டிக் கிடந்த ரீச்சர் வீட்டுக்கு நேரே போனாள். புது மனைவியாய் வந்த முதல் வருசம், கரவெட்டி பஸ் போகிற றோட்டைப் பார்த்து நின்றவள் அவள். முயல் எங்கே போயிருக்கும் என்று அவளுக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை. பின்படியின் கீழே வெள்ளையாய் ஒடுங்கியிருந்தது. தூக்கினாள். கிழித்தது. விடாமல் சீலைத்தலைப்பில் பொத்திக் கொண்டுவந்தாள். கொளுவிக் கதையை மட்டும் அவள் வாய்விடவில்லை.

அந்த மாதங்களில் சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்ததால் பாதை கொஞ்சம் இளகியிருந்தது. பயணப் பாஸ் எடுத்து, ஆஸ்பத்திரியில் கண் புரை வெட்ட அவரை மகளிடம் அனுப்பினாள். நெல் முற்றி, வயல் அரிவி வெட்டுக்கு வந்துவிட்டதால் அவளால் போகமுடியவில்லை.

வீட்டில் அவளும் முயலும் தனி. கூட்டைத் திறந்துவைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து அரிசி புடைத்தாள். திரும்பிப் பார்க்கக் கழுத்துத் துடித்தது, பார்க்கவில்லை. முதலில் வரவில்லை. பிறகொரு நாள் வந்தது. குளிர்ந்த மூக்கொன்று குதிக்காலில் பட்டபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் பழகியதும் மெல்லக் கேட்டாள்:

"என்னைப் பற்றி என்ன சொன்னவர்?"

முயல் புல்லைச் சப்பிக்கொண்டேயிருந்தது. "சொல்லன். குறை சொன்னவரோ?" அதற்கும் சப்பல்தான்.

பரமலிங்கம் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாய்க் கோடிப்புறத்துக்குப் போய், "சீனிக்குட்டி" என்று கூப்பிட்டார். ஆஸ்பத்திரி மருந்து மணமோ என்னவோ, முயல் பின்வாங்கிச் சிவனேஸ்வரியின் சீலைக்கரைக்குள் புகுந்துகொண்டது.

அவளுக்குப் பிடிபடாத சந்தோசம். மறைக்கவும் முடியவில்லை.

"எல்லாரும் மாறிப்போச்சினம்," என்றார் அவர், முகம் சுருங்கி. பிறகு குசினிக்குள் வந்து பலகையில் இருந்தார். பஸ்ஸில் நெரிபட்டது, வினோஜா வைத்த கறிக்கு உப்புக் காணாதது, கண்ணில் ஊசி வந்தபோது பயந்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் முறைப்பாடு மாதிரிச் சொல்லிக்கொண்டே போனார். அவளுக்குக் கேட்கக் கேள்வி நிறைய இருந்தது. ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டாள்.